பாற்பல்லும் படைவீரரும்

1900ஆம் ஆண்டு. தென்னாபிரிக்காவிலே பிரித்தானியப் படைகள் போயர் மக்களோடு பொருதிக்கொண்டிருந்த காலம். போர்முனையை விட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒரு புதுமையான கூட்டத்தினர் இருந்தனர். அவர்கள் உடம்பிற் குண்டு பட்ட காயமில்லை. அந்தப் போரில் ஆயிரமாயிரம் பேரைக் கொன்ற குடற்காய்ச்சலும் அவர்களைத் தீண்டவில்லை. படைக்கு வழங்கப்பட்ட பிஸ்கற்றைக் கடிக்க அவர்களால் முடியவில்லை; அவ்வளவே அவர்களுக்கு நேர்ந்த கேடு.

அந்தப் பிஸ்கற்று எளிதிற் கெடாதிருக்க வேண்டுமென்று கல்லைப்போற் சுடப்பட்டது. தகரத்தில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சியும் அதுவுமே களத்தில் நின்ற வீரனுக்கு நாளாந்த உணவு. நல்ல பல்லுள்ளவன் பாடுபட்டு மென்றான். பல்லில்லாதவன் நீரில் ஊறவைத்து விழுங்கினான், செரியாமல் நோயுற்றான். ஆயிரக்கணக்கான வீரர்கள் பல் நோய் காரணமாக மருத்துவமனை புகுந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கே திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு வீரனைத் தேர்ந்து, பயிற்றி, உடையும் துப்பாக்கியும் கொடுத்து, ஆறாயிரம் மைல் கடல் கடத்திக் கொண்டுசென்ற அரசு, அவன் வாயைத் திறந்து பார்த்த பொழுது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பெரும் படையோடு முதலிற் பல் வைத்தியர் எவரும் அனுப்பப்படவில்லை. இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த நியூலண்ட் பெட்லி என்பவர் தம் சொந்தச் செலவிலே தென்னாபிரிக்கா சென்று படைவீரருக்குப் பற்சிகிச்சை செய்தார். அதன் பின்னரே அரசு தானும் சிலரை அனுப்பத் துணிந்தது.

இவ்வீரர்கள் தங்கள் பற்களைத் தென்னாபிரிக்காவிலா இழந்தார்கள்? இல்லை. லீட்ஸ், மான்செஸ்ரர், டண்டீ போன்ற ஆலை நகரங்களின் ஒடுங்கிய தெருக்களிலே, ஏழெட்டு வயதுச் சிறுவர்களாய் ஓடித்திரிந்த நாளிலேயே அவற்றை இழக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனை அறிந்து சொன்னவரும் இல்லாமற் போகவில்லை. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்துப் பல் வைத்தியரான வில்லியம் மக்பேர்சன் பிஷர் 1885ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பல் வைத்தியர் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை படித்தார். பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். பள்ளிக்கூடம் போவது சட்டப்படி கட்டாயமாகியிருந்த காலம் அது. ஆகவே பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றனர், அங்கேயே அவர்களைப் பார்த்துவிடலாம் என்பது அவர் கருத்து. கூட்டத்தினர் கேட்டனர், பாராட்டினர். அரசு செவிசாய்க்கவில்லை. 1885இல் ஐந்து வயதாயிருந்த பிள்ளைக்கு 1900இல் வயது இருபது. கணக்கு அவ்வளவு நேரானது.

பிஷரின் கட்டுரை வீணாயிற்று என்றும் சொல்வதற்கில்லை. அவர் தூண்டுதலாற் பல் வைத்தியர் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவினர் ஆண்டுக்கணக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாய்களைத் திறந்து பார்த்துக் குறிப்பெடுத்தனர். பழுதற்ற பல்வரிசை உடையவர் மிகச் சிலரே எனக் கண்டனர். பிள்ளைகளின் பல் நோயை ஊகத்தாலன்றி எண்ணிக்கையாற் சொன்ன முதல் முயற்சிகளுள் இது ஒன்று.

பல் எவ்வாறு அழிகிறது என்பதும் அக்காலத்திலேயே தெளிவாகிவிட்டது. பெர்லினில் ஆராய்ச்சி நடத்திய அமெரிக்கரான மில்லர் என்பார் 1890இல் வெளியிட்ட நூலிலே அதனை விளக்கினார். வாயில் வாழும் நுண்கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாப்பொருளையும் தாமும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான மிளிரியைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மிளிரி உடம்பிலே மிகக் கடினமான பொருள். ஆனால் ஒரு முறை துளை விழுந்தால் எலும்பு பொருந்துவது போல அது பொருந்தாது. துளை ஆழமாகி நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள நடுக்குழியை எட்டும்போது வலி தோன்றுகிறது. அதற்கு மேலும் விட்டுவிட்டால் வேரடியிலே சீழ் கட்டுகிறது.

இங்கே பெற்றோரை ஏமாற்றும் ஒரு சூழ்ச்சியை இயற்கையே செய்துவைத்திருக்கிறது. பாற்பற்கள் இருபது. அவை எப்படியும் விழுந்துவிடும். விழப்போகும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு என்று எண்ணாத தாய்தந்தையர் எந்த நாட்டிலும் அரியர். ஆனால் ஏறத்தாழ ஆறு வயதிலே, ஒரு பாற்பல்லும் விழாத இடத்தில், பல்வரிசையின் பின்கோடியில் நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. முன் பல் விழுந்தால் வீடே அறியும். இவை முளைப்பதை எவரும் அறியார். அறிந்தாலும் பாற்பற்கள் என்றே எண்ணுவர். உண்மையில் அவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. உணவை அரைக்கும் வேலையின் பெரும்பகுதி அவற்றினுடையது. மென்மையும் ஆழமான பள்ளங்களும் கொண்ட புதுப் பற்கள் ஆதலால் முதலிற் சூத்தையாவனவும் அவையே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவற்றுள் இரண்டை இழந்துவிட்டால், அது விழுந்து முளைக்கும் பருவம் அன்று, இழந்தது இழந்ததுதான். பாற்பல்லும் அத்துணை எளியதன்று. அது தன் காலத்துக்கு முன் போனால் அண்டைப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து வரும் பல் நேரே வர வழியின்றிக் கோணி முளைக்கும்.

பல் நோய் பழைய நோயே. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கிலாந்தில் அது பெருகிய வேகத்துக்குத் தனிக் காரணம் உண்டு. சர்க்கரைமீது விதிக்கப்பட்டிருந்த இறக்குமதி வரி 1874இல் முற்றாக நீக்கப்பட்டது. முன்னாளிற் செல்வர் வீட்டுப் பண்டமாயிருந்தது ஏழையின் மேசைக்கு வந்தது. உருளை ஆலைகளில் அரைத்த மென்மையான வெண்மா ரொட்டி, அதன்மேல் மலிவான ஜாம், சர்க்கரை மிகுந்த தேநீர், குழந்தைக்குத் தகரப் பால்: ஆலைத் தொழிலாளியின் குடும்பம் இவற்றையே உண்டு வாழ்ந்தது. வெண்ணெயும் இறைச்சியும் வாங்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை மலிந்த பலம். அதனைக் குறைகூறுவது எளிது. பசித்த பிள்ளைக்கு வேறு எதைக் கொடுப்பது என்று சொல்வதுதான் கடினம். வரி நீக்கத்தால் மக்கள் மிச்சம் பிடித்த காசைப் பற்றி நாடாளுமன்றத்திற் பேசினர். பல்லைப்பற்றிப் பேசினார் எவரும் இலர்.

போயர் யுத்தம் அந்தப் பேச்சைத் தொடக்கிவைத்தது. படையில் சேர வந்த இளைஞருட் பெருந்தொகையினர் உடற்குறையாற் தள்ளப்பட்டதைக் கண்டு அஞ்சிய அரசு, மக்களின் உடல்நலக் குறைவை ஆராய ஒரு குழுவை நியமித்தது. 1904இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 1907இற் பள்ளிப்பிள்ளைகளை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. அதே ஆண்டிலே கேம்பிரிட்ஜ் நகரில், திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த செட்லி ரெய்லர் என்னும் அறிஞர் கொடுத்த பணத்தைக் கொண்டு, பள்ளிப்பிள்ளைகளுக்கான பற்சிகிச்சை நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இதற்கு ஐந்தாண்டு முன்னரே, அந்நாளில் ஜேர்மன் ஆட்சியிலிருந்த ஸ்ற்றாஸ்பேர்க் நகரில் ஏணஸ்ற் ஜெசென் என்பவர் நகரசபையைக் கொண்டே இத்தகைய நிலையத்தை நிறுவியிருந்தார். ஆக, செய்யத்தக்கது இன்னதென்பது 1907இல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தும் 1914இல் நடந்தது என்ன? பிரான்சுக்குச் சென்ற முதற் பிரித்தானியப் படையோடு மறுபடியும் பல் வைத்தியர் எவரும் செல்லவில்லை. ஏன் நதிக்கரைப் போரின்போது படைத்தலைவர்களுள் ஒருவரான ஹேக் அவர்களுக்கே கடும் பல்வலி கண்டதென்றும், பாரிசிலிருந்து பல் வைத்தியர் ஒருவரை வரவழைக்க நேர்ந்ததென்றும் கூறுவர். சாதாரண வீரன் பல்வலியால் துடித்தபோது விளங்காத உண்மை, தளபதியின் தாடை வீங்கியபோது விளங்கிவிட்டது போலும். சில வாரங்களிற் பல் வைத்தியர்கள் அனுப்பப்பட்டனர். பிரித்தானியப் படைக்கெனத் தனிப் பல் வைத்தியப் பிரிவு அமைந்தது போர் முடிந்த பின்னர், 1921ஆம் ஆண்டில்.

அதே 1921ஆம் ஆண்டிலே உலகின் மறுகோடியில், பிரித்தானியப் பேரரசின் சின்னஞ்சிறு உறுப்பான நியூசீலாந்து, வேறொரு முடிவைச் செயற்படுத்தியது. படைவீரனின் பல்லைப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக அவன் ஆறு வயதுப் பிள்ளையாயிருக்கும்போதே பார்த்துவிடுவது என்பதே அம்முடிவு.

நியூசீலாந்தின் கதை தனிச் சுவை உடையது. அந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்கள், ஐரோப்பியர் வருமுன் ஏறக்குறையச் சூத்தையே அறியாதவர்கள். ஒற்றாகோ பல்கலைக்கழகத்தின் முதற் பல் வைத்தியப் பேராசிரியரான பிக்கெரில் அவர்களின் பழைய மண்டையோடுகளை ஆராய்ந்து இதனை எடுத்துக்காட்டினார். பன்னவேரும் மீனும் சிப்பியும் உண்டவர்கள் அவர்கள். பல் தேயும், ஆனாற் சூத்தையாகாது. வெண்மாவும் சர்க்கரையும் கப்பலேறி வந்த பின்னர், வெள்ளையர் பிள்ளைகளின் பற்களோடு மாவோரிப் பிள்ளைகளின் பற்களும் அழியத் தொடங்கின. செழிப்பான நாடு, நல்ல பால், நல்ல இறைச்சி. ஆயினும் உலகிலே மிகக் கெட்ட பற்களை உடையவர்களுள் நியூசீலாந்தரும் சேர்ந்தனர்.

முதலாம் உலக யுத்தம் மூண்டபோது படையிற் சேர வந்தவர்களின் வாய்கள் அந்தக் கேட்டை வெளிப்படுத்தின. ஆனால் நியூசீலாந்து அரசு தாய்நாட்டைப் போற் காத்திருக்கவில்லை. 1915இலேயே படைக்கு ஒரு பல் வைத்தியப் பிரிவை அமைத்தது. அதனை நடத்தியவர் டனீடின் நகரிற் பிறந்த தோமஸ் ஹன்ரர். பிற்காலத்திற் சேர் பட்டம் பெற்றவர். ஆயிரமாயிரம் இளைஞரின் பற்களை அடைத்தும் பிடுங்கியும் பொய்ப்பல் கட்டியும் அனுப்பிய அவருக்கு ஒன்று தெளிவாயிற்று: தம் பிரிவு செய்யும் வேலையெல்லாம் பதினைந்து ஆண்டு பிந்திச் செய்யப்படும் வேலை. போர் முடிந்ததும், 1920இல், பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் காக்கும் பொறுப்பை அரசு அவரிடம் ஒப்படைத்தது.

அங்கே முட்டுக்கட்டையாய் நின்றது ஆட்பற்றாக்குறை. நாட்டில் இருந்த பல் வைத்தியர்கள் நகரத்துப் பெரியவர்களுக்கே போதாதவர்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பட்டம் பெற்ற வைத்தியரை அனுப்புவதானால் அரசின் கருவூலம் தாங்காது. பயிற்றவும் ஆண்டுகள் பல வேண்டும். அமெரிக்காவிலே பிறிஜ்போட் நகரில் அல்பிரட் போன்ஸ் என்பவர் 1913 முதற் பெண்களைப் பயிற்றிப் பிள்ளைகளின் பற்களைத் துப்புரவு செய்யும் பணியில் அமர்த்தியிருந்தார். ஹன்ரர் அதற்கு அப்பாலும் சென்றார். இளம் பெண்களைத் தேர்ந்து இரண்டே ஆண்டு பயிற்றி, பல்லைத் துளையிட்டு அடைக்கவும், வேண்டுமிடத்துப் பிடுங்கவும் அவர்களுக்கு அதிகாரம் அளிக்கலாம் என்றார். பள்ளிப்பிள்ளைகளின் எல்லையைத் தாண்டி அவர்கள் வேலை செய்யலாகாது. மேற்பார்வை வைத்தியர்களிடம் இருக்கும்.

அந்நாளில் இது துணிகரமான பேச்சு. ஐந்தாறு ஆண்டு படித்துப் பட்டம் பெற்றவன் செய்யும் வேலையை இருபது வயதுப் பெண் இரண்டாண்டிற் செய்வதா என்று கொதித்தெழுந்தவர் பலர். தொழிலின் மதிப்புக் கெடும் என்றனர். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றனர். வருமானம் குறையும் என்பதை மட்டும் உரத்துச் சொல்லவில்லை. ஆயினும் நியூசீலாந்துப் பல் வைத்தியர் சங்கம் கூடி வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் திட்டத்தை ஆதரித்தனர். தம் தொழிலின் வேலியைத் தாமே சிறிது தாழ்த்திக் கொடுத்த வைத்தியர்களைச் சரித்திரத்தில் அதிகம் காண முடியாது. 1921இல் வெலிங்டன் நகரில் முதல் வகுப்புத் தொடங்கியது. 1923இற் பயிற்சி முடித்த முதல் அணியினர் பள்ளிக்கூடங்களுக்குச் சென்றனர். பல் தாதியர் என்று அவர்களுக்குப் பெயர்.

பள்ளிக்கூட வளவின் ஒரு மூலையிலே சிறிய கட்டிடம். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கருவிப்பெட்டி, காலால் மிதித்து ஓட்டும் துளைகருவி. வெண்ணிற உடையணிந்த தாதி, தையற்காரர் இயந்திரத்தை மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டே பிள்ளையின் பல்லைத் துளைப்பார். கருவி மெல்லச் சுழலும். மெல்லச் சுழல்வதால் வலி நீளும். மரத்துப்போகச் செய்யும் ஊசி எல்லா வேளையும் போடப்படுவதில்லை. பிள்ளைகள் அந்தக் கட்டிடத்துக்குக் கொலைவீடு என்று பெயர் வைத்தனர். நியூசீலாந்தில் மூத்த தலைமுறையினர் அப்பெயரை இன்றும் மறந்திலர். வகுப்பறைக் கதவு திறந்து, தாதி அனுப்பிய துண்டுச்சீட்டுடன் ஒரு பிள்ளை வந்து நின்றால், அடுத்த பெயர் யாருடையதோ என்று வகுப்பு முழுதும் மூச்சடங்கியிருக்கும்.

எனினும் அந்தத் துண்டுச்சீட்டு எல்லாருக்கும் வந்தது. பண்ணை முதலாளியின் மகளுக்கும் வந்தது. அவர் பண்ணையிற் கூலிக்கு ஆட்டு மயிர் கத்தரிப்பவன் மகனுக்கும் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது நோக்கம். பெற்றோர் பணம் தேட வேண்டியதில்லை. பட்டணம் போக வேண்டியதில்லை. வலி தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாதியின் பொறுப்பில் ஏறக்குறைய ஐந்நூறு பிள்ளைகள். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கையிற் பிடுங்கும் கருவிக்கே வேலை மிகுதி. அடைத்துக் காக்க முடியாத அளவுக்குப் பற்கள் கெட்டிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிடுங்குவது சுருங்கி, அடைப்பது பெருகியது. 1940இல் வெலிங்டனிற் பெரிய பயிற்சிப்பள்ளி எழுந்தது. வெளிநாட்டார் வந்து பார்த்து வியந்து சென்றனர்.

வியந்தவர்களிற் சிலர் பின்பற்றவும் செய்தனர். மலாயாவிலே பினாங்கு நகரில் 1949இல் இதே முறையிற் பயிற்சிப்பள்ளி தோன்றியது. 1950 ஜனவரியிற் பொதுநலவாய நாட்டு அமைச்சர்கள் கொழும்பிற் கூடி வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழே இலங்கையும் நியூசீலாந்தின் உதவியைப் பெற்றது. ஐம்பதுகளில் மகரகமையிலே பல் தாதியரைப் பயிற்றும் பள்ளி அமைந்தது. அங்கே பயின்ற பெண்கள் நாட்டின் பள்ளிக்கூடங்களிற் பற்சிகிச்சை நிலையங்களை நடத்தினர். பெயர் பின்னாளிற் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என மாறினும் மரபு வெலிங்டனிலிருந்து வந்ததே. பல் வைத்தியரைக் கண்ணாற் காணாத ஊரிலும் இவர்களைக் கண்ட பிள்ளைகள் உண்டு. பிஷர் பிறந்த பிரித்தானியாவோ 1960ஆம் ஆண்டிலேதான், இலண்டன் நியூகுறொஸ் என்னுமிடத்தில், இம்முறையைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியது. தாய்நாடு சேய்நாட்டிடம் பாடம் கேட்க நாற்பதாண்டு ஆயிற்று.

ஆனால் நியூசீலாந்தின் கதையை இத்துடன் முடித்துக்கொள்வது நேர்மையாகாது. 1970களின் நடுப்பகுதியில் அந்நாட்டு மக்களின் பற்களை ஆராய்ந்தபோது, முப்பத்தைந்து முதல் நாற்பத்து நான்கு வயது வரையானோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் வாயில் ஓர் இயற்கைப் பல்லேனும் இல்லாதவர்கள் எனத் தெரிந்தது. இவர்கள் 1930களிற் பிறந்தவர்கள்; பல் தாதியர் சேவை விரிந்துகொண்டிருந்த காலத்திலேயே பள்ளிக்கூடம் சென்றவர்கள். பின் எங்கே போயின அந்தப் பற்கள்?

விடை பல கூறுகளை உடையது. சேவை எல்லாப் பள்ளிகளையும் எட்டக் காலம் எடுத்தது. இரண்டாம் உலக யுத்தம் இடையே புகுந்தது. எட்டிய இடங்களிலும், அரசின் கவனிப்பு முடிந்தபின் இளைஞன் தன் பைப்பணத்தை நம்ப வேண்டியவனானான். நாற்காலியைக் கண்டு நடுங்கிய பிள்ளை, வளர்ந்தபின் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்ததிலும் வியப்பில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. எப்படியும் கெடப்போகும் பற்கள்தாமே என்று, இருபது வயதிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொள்வர். பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்னே தகப்பன் அந்தச் செலவைச் செய்துவிடுவதும் உண்டு. மருமகனுக்குப் பிற்காலச் செலவு வைக்காத சீதனம் என்க.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேவை செய்தது பழுதுபார்த்தலே. பழுது வராமற் காத்தல் அதன் சிறு பகுதியாகவே இருந்தது. சூத்தைக்கு மூலமான சர்க்கரை பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே முன்போலவே விற்பனையாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நோர்வேயிலே சர்க்கரை கிடைப்பது அருகியபோது, பிள்ளைகளின் பற்சூத்தையும் சில ஆண்டுகளிற் குறைந்ததை அந்நாட்டுப் பல் வைத்தியர் பதிவுசெய்தனர். போர் முடிந்து சர்க்கரை திரும்பியது, சூத்தையும் திரும்பியது. எத்தனை துளைகருவியாலும் செய்ய முடியாததை ஒரு பங்கீட்டு அட்டை செய்திருந்தது. நியூசீலாந்துத் தாதியரோ சிறு கறையையும் துளைத்து அடைக்கப் பயிற்றப்பட்டவர்கள். அடைத்த பல் சில ஆண்டுகளில் மீண்டும் பழுதாகும். மீண்டும் பெரிதாகத் துளைக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் அடைக்கும் விதியை அந்நாடு திருத்தியது. சூத்தை உள்ளே ஊடுருவிய பல்லை மட்டும் அடைத்தாற் போதும் என்றதும் அடைப்புகளின் தொகை பெரிதும் வீழ்ந்தது. பல்வேறு ஊர்களின் குடிநீரிற் புளோரைட்டுச் சேர்த்ததும் புளோரைட்டுப் பற்பசை பரவியதும் மீதியைச் செய்தன. குடிநீரில் அதனைச் சேர்ப்பதில் அந்நாட்டில் முதலடி வைத்த ஊர் ஹேஸ்ரிங்ஸ், ஆண்டு 1954.

குறைந்த செலவு என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். எவர் கூலியைக் குறைத்து அந்தச் செலவு குறைந்தது? இளம் பெண்கள், அரசு உத்தியோகம், கேட்டால் இடமாற்றம். அரை நூற்றாண்டு அந்தச் சேவையைத் தாங்கியவர்கள் தங்கள் சம்பளத்துக்காக 1974இல் வெலிங்டன் தெருக்களிலே சீருடையுடன் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. நாற்காலியிற் பிள்ளைகளை அதட்டி அடக்கிய தாதியர், அமைச்சர்களை நோக்கிக் குரல் எழுப்பியதைக் கண்டு நாடு திகைத்தது. சம்பள உயர்வு கிடைத்தது.

இத்தனை குறைகளையும் கூட்டி நிறுத்தினாலும், மறுபக்கத்துத் தட்டில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு: துண்டுச்சீட்டு வராத இடத்தில் என்ன நடக்கிறது என்பது. அதற்குப் பழங்காலம் தேட வேண்டியதில்லை. ஏழை நாட்டையும் தேட வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டிலே, உலகின் மிகச் செல்வம் பொருந்திய நாடான அமெரிக்காவில், தலைநகர் வாஷிங்டனை அடுத்த மேரிலண்ட் மாநிலத்திற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கடைவாய்ப்பல் ஒன்றின் வேரடியிற் சீழ் பிடித்தது. ஏழைக் குடும்பம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்புறுதி இடையில் அறுந்திருந்தது, அது இருந்தவர்களைக்கூட ஏற்றுக்கொள்ளும் பல் வைத்தியர் சிலரே. பல்லிலிருந்த கிருமி மூளையை எட்டியது. தலையில் இரண்டு சத்திரசிகிச்சை, ஆறு வாரத்துக்கு மேலான மருத்துவமனை வாசம்; செலவு இரண்டரை இலட்சம் டொலர். சிறுவன் பெப்ரவரி மாதத்தில் இறந்துபோனான். அந்தப் பல்லைத் தொடக்கத்திற் பிடுங்கியிருந்தால் எண்பது டொலர் ஆகியிருக்கும் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் கணக்கிட்டன.

அச்சாவு அமெரிக்க நாடாளுமன்றத்தை எட்டியது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான காப்புறுதித் திட்டத்திற் பற்சிகிச்சையைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் 2009இல் நிறைவேறியது. மேரிலண்ட் மாநிலமும் தன் ஏற்பாடுகளைத் திருத்தி, ஏழைப் பிள்ளைகளைப் பார்க்க முன்வரும் வைத்தியர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்தை உயர்த்தியது.

அச்சிறுவனின் தாய் தன் பிள்ளைகளின் பற்களைப்பற்றிக் கவலையற்று இருந்தவளல்லள். அந்த வாரங்களில் அவள் பல் வைத்தியர் ஒருவரைத் தேடி அலைந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் தேடியது அவனுக்காக அன்று. வாயிற் பல சூத்தைப் பற்களோடு வலியென்று அழுதுகொண்டிருந்த அவன் தம்பிக்காக. மூத்தவன் பல்வலி என்று சொல்லவேயில்லை. தலைவலி என்று மட்டும் சொன்னான்.